காட்மியம் இல்லாமல் ஒட்டுமா?

இங்கிலாந்தில் வீட்டுக் கொல்லையில் ஒரு கொட்டகை போட்டு, நிலக்கரியில் ஓடும் குட்டி ரயில் எஞ்சினைத் தாமே கட்டுகிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஓய்வுபெற்ற ஃபிட்டரும் இருப்பார், பள்ளி ஆசிரியரும் இருப்பார். அலமாரியில் வைத்து அழகு பார்க்கிற பொம்மையை அவர்கள் கட்டுவதில்லை. ஐந்து அங்குல அகலத் தண்டவாளத்தில் பெரியவர்களை ஏற்றி இழுத்துச் செல்லும் அசல் நீராவி எஞ்சின் அது. இந்தப் பொழுதுபோக்குக்கென்றே பெர்சிவல் மார்ஷல் 1898-இல் 'மாடல் எஞ்சினியர்' என்ற இதழைத் தொடங்கினார். எஞ்சினில் சக்கரம், பிஸ்டன், வால்வு என்று எது பிசகினாலும் வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான். பாய்லர் பிசகினால் பக்கத்தில் இருப்பவருக்கு ஆபத்து. அதனால்தான் செம்புத் தகடுகளை வெள்ளிப் பற்றாசால் இணைத்துப் பாய்லர் செய்யும் வேலைக்கு இவர்களிடையே தனி மரியாதை. அந்த வேலையைப் பார்த்தபோதும், செய்கிறவர்களோடு பேசியபோதும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது ஓர் ஆதங்கம்: பற்றாசில் காட்மியம் சேர்க்கக் கூடாது என்று சட்டம் வந்த நாளோடு இந்த வேலையின் சுகம் போய்விட்டது, புதியவர்கள் இனி இதைக் கற்பது கடினம் என்பது. ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் முடிவு தவறு என்று நினைக்கிறேன். காட்மியம் கொடுத்தது சுலபத்தை, திறமையை அல்ல. அந்தச் சுலபத்துக்கான விலையைக் கட்டியது வேலை செய்பவரின் நுரையீரலும் சிறுநீரகமும்.

இதைச் சொல்வதற்கு முன் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். பாய்லர் செய்வதில் டார்ச் எரியும் நேரம் சொற்பம். தகட்டை மங்கிய சிவப்பு வரும்வரை சுட்டு இளக்கி, அச்சின்மேல் வைத்துத் தட்டி விளிம்பு மடக்குவதில்தான் நாள்கள் போகின்றன. தட்டத் தட்டச் செம்பு இறுகும், மறுபடி சுட வேண்டும். இரண்டு பாகங்கள் சேருமிடத்தில் 0.05 முதல் 0.15 மில்லிமீட்டர் வரை இடைவெளி விட வேண்டும். அதற்கும் குறைந்தால் உருகிய பற்றாசு உள்ளே நுழையாது. கூடினால் இடுக்கின் ஈர்ப்பு அதை இழுக்காது. இந்த இடைவெளி சூட்டில் மாறாமலிருக்க விளிம்பில் சென்டர் பஞ்சால் சிறு புள்ளிகளைக் குத்தி மேடாக்கி வைக்கிறார்கள். புகைக்குழாய் நுழையும் துளையில் அரத்தால் இரண்டு மூன்று கீறல் போட்டு, பற்றாசு மறுபக்கம் போய்ச்சேர வழி செய்கிறார்கள். பிறகு அமிலத் தொட்டியில் முக்கி அழுக்கு நீக்கி, சூட்டில் ஆக்சைடு படியாமல் தடுக்கும் ஃப்ளக்ஸ் பசையைப் பூசி, வெப்பம் தாங்கும் செங்கல் அடுக்கிய அடுப்பில் வைப்பார்கள். செம்பு சாதாரண எஃகைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்திவிடும். ஆகவே இணைப்பை மட்டும் சுட்டால் போதாது. ஒருவர் பெரிய புரொப்பேன் டார்ச்சால் பாய்லர் முழுவதையும் சூடேற்ற, இன்னொருவர் சிறிய டார்ச்சோடு இணைப்பைக் கவனிப்பார். ஃப்ளக்ஸ் நுரைத்து அடங்கித் தண்ணீர்போலத் தெளியும்போது பற்றாசுக் கம்பியை நீட்டுவார்கள். கம்பியைத் தீ உருக்கக் கூடாது, செம்பின் சூடுதான் உருக்க வேண்டும். நல்ல இணைப்பில் பற்றாசு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் மெல்லிய வெள்ளிக் கோடாக எட்டிப் பார்க்கும்.

இந்தக் கடைசிக் கணத்தைத்தான் காட்மியம் இலகுவாக்கியது. வெள்ளி 962 டிகிரி செல்சியஸிலும் செம்பு 1085 டிகிரியிலும் உருகும். 72 சதவீத வெள்ளியும் மீதி செம்புமாகக் கலந்தால் 780 டிகிரிக்கு இறங்கும். துத்தநாகம் சேர்த்தால் இன்னும் இறங்கும். அதோடு காட்மியமும் சேர்ந்தால் கலவை 600 டிகிரிக்குச் சற்று மேலேயே நீராகிவிடும். ஜான்சன் மாத்தி நிறுவனத்தின் 'ஈஸி-ஃப்ளோ 2' என்ற கம்பியில் வெள்ளி 42 சதவீதம், காட்மியம் 25 சதவீதம். அது 608 டிகிரியில் உருகத் தொடங்கி 617-இல் முழுதும் உருகிவிடும். ஒன்பதே டிகிரி இடைவெளி என்பதால் தொட்ட மாத்திரத்தில் பாய்ந்தோடும். இன்று அதன் இடத்தில் இருக்கும் 55 சதவீத வெள்ளிக் கம்பியில் காட்மியத்துக்குப் பதில் கொஞ்சம் வெள்ளீயம் சேர்க்கிறார்கள். அது உருகும் எல்லை 630 முதல் 660 டிகிரி. நாற்பது டிகிரி கூடுதல் சூடு வேண்டும், எல்லையும் அகலம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு விதி, எடையில் 0.01 சதவீதமோ அதற்கு மேலோ காட்மியம் உள்ள பற்றாசுகளைச் சந்தையிலிருந்து நீக்கியது. பாதுகாப்புத் துறை, விமானத் துறை போன்ற சிலவற்றுக்கே விலக்கு. பல ஆண்டுப் பழக்கத்தை ஒரே ஆண்டில் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தவர்களின் கோபம் இயல்பானதுதான்.

ஆனால் அதே கலவையின் இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும். காட்மியம் 767 டிகிரியில் கொதிக்கும். அதாவது பற்றாசு பாயும் சூட்டுக்கும் காட்மியம் கொதிக்கும் சூட்டுக்கும் இடையே இருப்பது நூற்றைம்பது டிகிரிதான். செம்பு செர்ரிச் சிவப்பைத் தாண்டும்போதே அந்த எல்லை வந்துவிடும். அதற்கு முன்பும் காட்மியம் சும்மா இருப்பதில்லை, ஆவியாகிக் காற்றில் கலந்து ஆக்சைடு புகையாகும். சுவாசிக்கும்போது அது கண்ணீரையோ மூச்சுத் திணறலையோ வரவழைத்து எச்சரிக்காது. சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல் போலத் தொடங்கும். அளவு கூடியிருந்தால் நுரையீரலில் நீர் கோக்கும். 1966-இல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை, செவர்ன் பாலக் கட்டுமானத்தில் அடைபட்ட இடத்துக்குள் காட்மியம் பூசிய போல்ட்டுகளை வாயு டார்ச்சால் அறுத்த ஐந்து தொழிலாளர்களைப் பற்றிச் சொல்கிறது. ஐவரும் நோயுற்றார்கள், ஒருவர் இறந்தார். அவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர், கட்டுமானத் தொழிலாளர்கள். உடனடி விஷம் ஒருபக்கம் என்றால், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வது இன்னொரு பக்கம். சிறுநீரகத்தில் படிந்த காட்மியம் பாதியாகக் குறையவே பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1993-இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது.

இதற்கு முதல் மறுப்பு ஆயத்தமாக இருக்கும்: ஆண்டுக்கு ஒரு பாய்லர்கூடச் செய்யாத எங்களுக்கு என்ன வந்துவிடப் போகிறது, கதவைத் திறந்து வைத்துப் பல ஆண்டுகளாகச் செய்தோமே, நன்றாகத்தானே இருக்கிறோம்? அளவுதான் விஷத்தைத் தீர்மானிக்கிறது என்பது சரி. திறந்த வெளியில், சூட்டை அளந்து கொடுத்து, சட்டென்று முடித்துவிடுகிற கைதேர்ந்தவருக்கு ஆபத்து குறைவுதான். ஆனால் இந்த வாதம் தன்னையே கவிழ்த்துக்கொள்கிறது. காட்மியக் கம்பியைப் பரிந்துரைத்ததே புதியவர்களுக்குச் சுலபம் என்ற காரணத்தால். புதியவர் செய்யும் முதல் தவறு எது? ஃப்ளக்ஸ் தெளிவதைக் கவனிக்காமல், பற்றாசு பாயவில்லையே என்று பதறி, தீயை ஒரே இடத்தில் நிறுத்திக் கூடுதலாகச் சுடுவது. காட்மியம் கொதிப்பது அப்போதுதான். பழகாத கைக்கு எளிது என்று கொடுக்கும் பொருள், பழகாத கையில்தான் அதிகம் கெடுதல் செய்கிறது. அதோடு வேலை நடக்குமிடம் சின்னக் கொட்டகை. சுடரின் நிறமும் செம்பின் நிறமும் தெரிய வேண்டுமென்று வெளிச்சத்தைக் குறைப்பார்கள், காற்று சுடரைக் கலைக்காமலிருக்கக் கதவைச் சாத்துவார்கள். தொழிற்சாலையில் இருக்கும் காற்று வெளியேற்றியோ மருத்துவப் பரிசோதனையோ இங்கே இல்லை. நன்றாக இருக்கிறவர்கள் சாட்சி சொல்ல இருக்கிறார்கள் என்பதும் பெரிய ஆதாரம் ஆகாது. நோயுற்று விலகியவர் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

இரண்டாவது மறுப்பு தொழில்நுட்பம் சார்ந்தது, இதைவிடக் கனமானது: புதிய கம்பி அதே மாதிரி பாயவில்லை. உண்மை. உருகும் எல்லை அகலமான கலவையை மெதுவாகச் சூடேற்றினால் முதலில் உருகும் பங்கு இடுக்குக்குள் போய்விட, மீதி பாதி இளகிய வெல்லப்பாகு மாதிரி வெளியே தங்கிவிடும். ஆனால் இதற்கு மருந்து அந்தத் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. பெரிய டார்ச், உதவிக்கு ஓர் ஆள், சூடு வெளியேறாமல் சுற்றி அடுக்கிய செங்கல், நீண்ட நேரம் தாங்கும் ஃப்ளக்ஸ், கச்சிதமான இடைவெளி. இவை எல்லாம் காட்மியக் கம்பிக்கும் தேவைப்பட்டவைதான். அவற்றில் கொஞ்சம் கோட்டை விட்டாலும் அந்தக் கம்பி மன்னித்தது, புதியது மன்னிப்பதில்லை. குறை தெரிய வந்ததே தவிரப் புதிதாக முளைக்கவில்லை. இதற்கு வரலாறே சாட்சி. பழைய லண்டன், பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் ரயில்வேயின் முதலெழுத்துகளையே புனைபெயராக்கி, 1920களிலிருந்து பல்லாண்டுகள் 'மாடல் எஞ்சினிய'ரில் எழுதிய எல்.பி.எஸ்.சி. என்பவர்தான் சாதாரணத் தொழிலாளிக்கும் எஞ்சின் கட்டக் கற்றுக்கொடுத்தவர். அவருடைய காலத்து வாசகர்கள் தட்டில் கல்கரி குவித்து, மண்ணெண்ணெய் ஊதுவிளக்கால், 900 டிகிரியை ஒட்டி உருகும் பித்தளைப் பற்றாசையே பாயவைத்தார்கள். அந்தச் சாதனங்களால் 900 டிகிரியை எட்ட முடிந்ததென்றால், இன்றைய புரொப்பேன் டார்ச்சால் 660-ஐ எட்ட முடியாது என்பது நிற்காத வாதம்.

கூடுதல் சூடு செம்பைக் கெடுத்துவிடும் என்பவர்களுக்கும் பதில் உண்டு. 617 டிகிரியிலும் செம்பு முழுதாக இளகிவிடுகிறது, 660-லும் இளகிவிடுகிறது. ஆகவேதான் இளகிய செம்பின் வலிமையைக் கணக்கில் கொண்டே தகட்டின் தடிப்பையும் தாங்கு கம்பிகளின் இடைவெளியையும் தீர்மானிக்கிறார்கள். விலை பற்றிய மறுப்பில் நியாயம் கூடுதல். 42 சதவீத வெள்ளி 55 ஆனால் கம்பி விலை ஏறத்தான் செய்யும். ஆனால் எல்லா இணைப்புக்கும் 55 தேவையில்லை. முதலில் போடும் இணைப்புகளுக்கு 24 சதவீத வெள்ளி உள்ள, 740 டிகிரிக்கு மேலேயே உருகும் மலிவான கம்பியைப் பயன்படுத்தலாம். பின்னால் 55-ஐக் கொண்டு அடுத்த இணைப்பைப் போடும்போது முன்னது இளகாமல் நிற்கும் என்பது கூடுதல் லாபம். மேலும் இடைவெளி இரட்டித்தால் அதை நிரப்பும் பற்றாசும் இரட்டிக்கும். தகட்டைக் கச்சிதமாகப் பொருத்துகிறவருக்குச் செலவு தானே குறைகிறது. மலிவு என்பதற்காக ஏசி மெக்கானிக் செம்புக் குழாய்க்குப் போடும் பாஸ்பரஸ் கம்பியை இங்கே கொண்டுவரலாமா என்றால், நிலக்கரிப் புகையிலுள்ள கந்தகம் பாஸ்பரஸ் சேர்ந்த இணைப்பை அரிக்கும். தீப்படும் இடத்தில் அதற்கு வேலையில்லை.

கடைசித் தீர்ப்பைச் சொல்வது சோதனை. பிரிட்டனில் புதிய பாய்லருக்குத் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல் இரு மடங்கு அழுத்தம் ஏற்றிப் பார்ப்பார்கள். 80 பவுண்டு அழுத்தத்தில் ஓட வேண்டிய பாய்லர் 160-ஐத் தாங்க வேண்டும். தண்ணீரைப் பயன்படுத்தக் காரணம், அது காற்றைப்போல அமுங்கிச் சக்தியைச் சேர்த்து வைக்காது. இணைப்பு விட்டால் முள் இறங்குமே தவிர வெடிக்காது. சோதனைச் சான்றில் கையெழுத்திடுபவர் கட்டியவர் அல்லர், அவர் சார்ந்த மாடல் எஞ்சின் கழகத்தின் சோதகர். காட்மியம் போனதால் இந்த இரு மடங்கு விதி தளரவில்லை. புதிய செம்புப் பாய்லர்கள் அதே சோதனையைக் கடந்து தண்டவாளத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. மாறாக, கவனிக்க வேண்டியவை பழைய பாய்லர்கள். அவற்றின் இணைப்புக்குள் காட்மியம் இன்னும் உறங்குகிறது. வெளியே எந்த அடையாளமும் இல்லாததால், கசிவை அடைக்க மறுபடி சுடுகிறவர் அது இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

இந்தக் கதையின் இன்னொரு பாதி தமிழ்நாட்டில் இருக்கிறது. தங்கநகைப் பட்டறையில் பத்தர் வெங்காரம் தடவிப் பொடி வைத்து ஊதுவதும் அடிப்படையில் இதே வேலைதான். பழைய பொடியில் செம்பும் வெள்ளியும் கூடுதலாக இருந்ததால் ஒவ்வொரு பற்றும் நகையின் மொத்தத் தூய்மையைக் குறைத்தது. காட்மியம் சிறிதளவே சேர்த்தாலும் உருகும் சூடு இறங்கும் என்பதால் நகைக்கு நிகரான தூய்மையில் பொடி செய்ய முடிந்தது. அதுவே 'கேடிஎம்' என்று விளம்பரமானது. வாங்கியவருக்கு லாபம், விற்றவருக்குப் பெயர். ஊதுகுழலுக்கு முகத்தைக் கிட்டத்தில் வைத்து நாள் முழுவதும் அந்தப் புகையில் இருந்தவர் கூலிக்காரர். இங்கிலாந்துக்காரர் தன் விருப்பத்துக்குத் தன் உடலைப் பணயம் வைத்தார். வேண்டாமென்றால் கம்பியைக் கீழே வைக்கலாம். கூலிக்கு உட்கார்ந்தவருக்கு அந்த வசதி இல்லை. தங்கத்துக்கு 2000-இல் தொடங்கிய ஹால்மார்க் முறை 2021 ஜூனிலிருந்து கட்டாயமானது. துத்தநாகம், இண்டியம் சேர்த்த பொடிகளும் வந்துவிட்டன. என்றாலும் 916 முத்திரை சோதிப்பது தங்கத்தின் தூய்மையை; பட்டறையின் காற்றை அல்ல. காட்மியம் இல்லாவிட்டால் வேலை ஓடாது என்று எந்த முதலாளியாவது சொன்னால், கொல்லைக் கொட்டகையில் ஓய்வு நேரத்தில் செம்பையே பற்றவைத்துக் காட்டுகிறவர்களைச் சுட்டிக்காட்டலாம்.

காட்மியம் இல்லாத கம்பியும் தூய காற்றைத் தருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதிலுள்ள துத்தநாகமும் அளவுக்கு மீறிச் சுட்டால் புகையும். ஃப்ளக்ஸிலுள்ள ஃபுளோரைடு மூக்கையும் கண்ணையும் எரிக்கும். சன்னலும் மின்விசிறியும் இன்னும் தேவை. ஆனால் எரிச்சல் தந்து எச்சரிக்கும் புகைக்கும், ஓசைப்படாமல் உள்ளே போய்ப் பத்தாண்டுகள் தங்கும் புகைக்கும் வித்தியாசம் உண்டு. பாய்லருக்கு ஒரு சோதகர் இருக்கிறார், நகைக்கு ஒரு முத்திரை இருக்கிறது. பற்றவைத்தவரின் சிறுநீரகத்துக்கு அப்படி ஓர் ஏற்பாடு எங்கும் இல்லை. ஆகவே அந்தச் சோதனையைக் கம்பியும் பொடியும் வாங்கும் இடத்திலேயே முடித்துவிட வேண்டும். 2011-இன் விதி செய்தது அதைத்தான், கைவினைக்கு எதிராக ஒன்றும் செய்யவில்லை.