மரை கழண்ட கேசு

"அவன் ஒரு மரை கழண்ட கேசுப்பா"ன்னு சொல்றோமே, அது போல்ட்டுல சுத்திச் சுத்தி வெட்டியிருக்கிற மரைதான். மனுஷனுக்குக் கழண்டா ஊர் சிரிக்கும். லாரிக்குக் கழண்டா? அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கவிதை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்க :-)

எங்க சித்தப்பா நாமக்கல் பக்கம் ஒரே ஒரு லாரி வச்சிருக்கார். லீவுக்குப் போனா நான் பட்டறையிலதான் கிடப்பேன். ஸ்பானர் எடுத்துக் குடுக்கிறது, டீசல்ல நட்டு கழுவுறது, நடுவுல திட்டு வாங்குறது. அங்க கத்துக்கிட்டதுல முக்கியமானது இது: உடைஞ்ச போல்ட் நல்ல போல்ட், லூசான போல்ட்தான் கெட்ட போல்ட். உடைஞ்சது வேலை வாங்கும், ஆனா ஏமாத்தாது. லூசானது பட்டறையில வாயே திறக்காது. ராத்திரி ரெண்டு மணிக்கு ஹைவேஸ்ல வந்துதான் பேசும்.

முதல்ல நல்லவனைப் பார்ப்போம். துருப்பிடிச்ச போல்ட்டுக்கு முதல் மருந்து பொறுமை. எண்ணெய் விட்டு ஊற வச்சிட்டு டீ குடிக்கப் போயிடணும். அசையலைன்னா சுத்தியலால லேசா தட்டணும். அதுக்கும் மசியலைன்னா கேஸ் வச்சு சூடு பண்ணலாம். ஒரே ஒரு இடத்தைத் தவிர. டயர் மாட்டியிருக்கிற வீல்ல, நட்டு எவ்வளவு அடம் பிடிச்சாலும் சூடு காட்டவே கூடாது. ரிம் சூடேறினா டயர் உள்ளேயே கருகி, குண்டு மாதிரி வெடிக்கும். இப்படி உயிர் போனவங்க உண்டு.

தலை முறிஞ்சு, தண்டு உள்ளேயே மாட்டிக்கிச்சுன்னா, வெளியில நீட்டிட்டிருக்கிற துண்டு மேல ஒரு நட்டை வச்சு வெல்டிங் அடிக்கிறது நல்ல வழி. நட்டு பிடிமானத்துக்கு, வெல்டிங் சூடு துருவோட பிடியை உடைக்கிறதுக்கு. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. (அதுக்கு முன்னாடி பேட்டரி வயரைக் கழட்டிடுங்க சாமி!) துண்டு நீட்டலைன்னா நட்ட நடுவுல புள்ளி குத்தி, ட்ரில் போட்டு, ஈசி அவுட் விட்டுத் திருப்பணும். பேருலதான் ஈசி. அது உள்ள முறிஞ்சா ட்ரில் பிட்டே இறங்காது, அவ்வளவு கெட்டி இரும்பு.

இப்ப கெட்டவன். வண்டி பாரத்தை ஸ்டட்தான் தாங்குதுன்னு நானும் ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன். அப்படி இல்லையாம். இறுக்கும்போது ஸ்டட் ஒரு ஸ்பிரிங் மாதிரி இழுபடுது. அந்த இழுவை வீலை ஹப்போட அழுத்திப் பிடிக்குது. அந்தப் பிடிமானம்தான் பாரத்தைத் தாங்குது. நடுவுல துருவோ மண்ணோ கெட்டி பெயின்ட்டோ இருந்தா, ஓட ஓட அது நசுங்கி பிடி தளருது. அப்புறம் வீல் பக்கவாட்டுல மயிரிழை நகர ஆரம்பிச்சா நட்டு தானா கழலும். பக்கவாட்டு ஆட்டம்தான் மரையைக் கழட்டுற பெரிய வில்லன்னு ஜெர்மன்காரர் ஜுங்கர் 1969லேயே சோதனை பண்ணிக் காட்டிட்டார்.

போன தடவை சித்தப்பா வண்டியில பின் சக்கரத்துல 10 ஸ்டட்ல ஒண்ணு முறிஞ்சு கிடந்தது. சாயங்காலம் லோடு ஏத்தணும். மாசத் தவணை வேற கழுத்தை நெரிக்குது.

"ஒம்பது இருக்குதல்ல மேஸ்திரி, போயிட்டு வந்து பாத்துக்கலாம்"னார் சித்தப்பா.

"உடைஞ்சவன் பாரத்தை இத்தன நாளும் யாருங்க தூக்குனது? பக்கத்துல இருக்கிற ரெண்டு பேரு. அவனுங்களப் பாக்காம வண்டிய விடமாட்டனுங்க."

சித்தப்பா முகம் சுண்டிப் போச்சு. மேஸ்திரி கண்டுக்கலை. வீலைக் கழட்டி, பக்கத்து ஸ்டட்ல சுத்தியலால ரெண்டு போடு போட்டார். டொக்குனு ரெண்டாயிடுச்சு. முறிஞ்ச முகத்தைக் கையில குடுத்து, "பாரு கண்ணு"ன்னார். பாதி கருப்பு, பாதி பளபளப்பு. கருப்பா இருக்கிறது எப்பவோ விட்ட விரிசல். பளபளப்பு மட்டும்தான் அன்னிக்கு வரைக்கும் பிடிச்சிட்டிருந்திருக்கு. சித்தப்பா அதை வாங்கிப் பார்த்தார். ஒண்ணும் பேசலை. லோடு காரருக்குப் போன் போட்டு நாளைக்குன்னுட்டார்.

ஒரு ஸ்டட் முறிஞ்சா ரெண்டு பக்கத்துலயும் அடுத்ததை மாத்தணும், ரெண்டு முறிஞ்சிருந்தா அந்த வீல்ல மொத்தத்தையும் மாத்தணும்கிறதுதான் கணக்கு. அன்னிக்கு 10 புது ஸ்டட். தலையில 10.9னு இருக்க வேண்டிய இடத்துல விலை கம்மின்னு 8.8 போல்ட் போடுறவங்களும் இருக்காங்க. அந்த நம்பர் அழகுக்குப் போட்டது இல்லைங்க, எவ்வளவு இழுவை தாங்கும்கிற கணக்கு.

வண்டி கிளம்பும்போது மேஸ்திரி டிரைவர்கிட்ட சொன்னது: "சேலத்துல நிறுத்தி ஒருக்கா இறுக்கிப் பாத்துரு." வீல் மாட்டின பிறகு 50லேருந்து 100 கிலோமீட்டருக்குள்ள ஒரு தடவை சரி பார்க்கணும்கிறது இதுதான். நட்டுலேருந்து ரிம்முல துரு கோடு கோடா வழிஞ்சிருந்தா, பெயின்ட்ல நட்டைச் சுத்தி விரிசல் தெரிஞ்சா, லூசானவன் வாய் திறக்கிறான்னு அர்த்தம். அப்ப இறுக்கிட்டு மட்டும் போகாம, ஏன் லூசாச்சுன்னு கழட்டிப் பார்க்கணும்.

அடுத்த தடவை டீக்கடை முன்னாடி லாரி நின்னா, குடிச்சுக்கிட்டே ஒரு கண்ணை அதோட வீல் நட்டு மேல ஓட்டுங்க. கோடு தெரிஞ்சா டிரைவர் அண்ணன்கிட்ட சொல்லிடுங்க. திட்டினாலும் பரவாயில்லை.