அவங்க

எங்கள் வீட்டில் அப்பா அம்மாவுக்கு "அவரு". அம்மா அப்பாவுக்கு "அவ". மணவாள நகரில் வளர்ந்த எனக்குப் படர்க்கைப் பெயர்கள் இப்படித்தான் அறிமுகமாயின. வீட்டு ஓனருக்கும் சூப்பர்வைசருக்கும் மாப்பிள்ளைக்கும் மரியாதை விகுதி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். தெருக் கூட்டுகிற பெண்ணுக்கு அறுபது வயதானாலும் ஒட்டாது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போன நாட்களில், என்னோடு ஒரே லைனில் நின்ற ஒருவர் சொன்னார்: "என்னை அவன்னும் சொல்ல வேணாம், அவள்னும் வேணாம். அவங்கன்னு சொல்லுங்க." ஆண், பெண் இரண்டிலும் தன்னை அடக்கிக்கொள்ளாதவர் அவர். பஸ்ஸில் எழுந்த முதல் கேள்வி பாலினத்தைப் பற்றியதே அல்ல. "நம்ம வயசுதானே, அதென்ன தனி மரியாதை?" என்பதுதான். இன்னும் சிலர் "அது" என்றார்கள். ஒரே எழுத்துச் சொல்மாற்றம் போலத் தெரியும். ஆனால் ஒரு மனிதரை உயர்திணையிலிருந்தே இறக்கிவிடுகிற வேலை அது.

தொல்காப்பியம்கூட அதைச் செய்யவில்லை. ஆண், பெண் வரையறையிலிருந்து விலகியவர்களுக்கெனத் தனி விகுதி இல்லை என்று சொன்னாலும், அவர்களை உயர்திணையில்தான் வைக்கிறது. 'ஒருவர்' என்ற சொல் இருபாலுக்கும் பொது என்றும் சொல்கிறது. ஆக, பால் காட்டாத சொல் தமிழுக்குப் புதிதல்ல. எழுத்தில் 'அவர்' இருக்கிறது. பேச்சில் 'அவரு' பெரும்பாலும் ஆண்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டதால், 'அவங்க' மிச்சமிருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நான் வந்தேன், நீ வந்தாய் என்பதில் பால் இல்லை. வந்தான், வந்தாள் என்று எதிரில் இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசும்போதுதான் பால் வருகிறது. அதனால் மரியாதைக்கான சோதனையும் அவர் இல்லாத இடத்தில்தான். கேன்டீனில் நாங்கள் இரண்டு பேர் "அவங்க சாப்பிட்டாங்களா?" என்று கேட்கத் தொடங்கினோம். கொஞ்ச நாளில் கழிவறை சுத்தம் செய்யும் அம்மாவும் எங்கள் பேச்சில் "அவங்க" ஆனார்.

எல்லோருக்கும் இந்த ஒரே சொல்லைப் போர்த்திவிடுவதும் சரியல்ல. தன்னைப் பெண்ணென்று உணரும் திருநங்கைத் தோழி 'அவள்' என்ற நெருக்கத்தை விரும்பலாம். அப்போது 'அவங்க' என்று ஒதுங்குவது அவள் பெண் என்பதை ஒப்புக்கொள்ளாத தந்திரமாகிவிடும். அக்கா, அண்ணா என்பதும் அப்படித்தான். எப்படிக் கூப்பிடட்டும் என்று கேட்டுவிடுவது எளிது.

சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த சுஷ்மா வழக்கின் தொடர்ச்சியாக, 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பால்புதுமையரைக் குறிக்கும் மதிப்பான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. ஊடகங்களுக்கு அது வழிகாட்டும். கம்பெனி பஸ்ஸுக்குள் அரசிதழ் வராது. அங்கே வாய் திறக்க வேண்டியவர்கள், இத்தனை காலம் 'அவ' என்றே சுட்டப்பட்ட நாம்தான்.