தி.நகருக்கு அடியில் கிடக்கும் ஏரி

நவம்பர் பிறந்தால் தி.நகர்க்காரர்களுக்கு ஒரே பேச்சுதான்: எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர். ரங்கநாதன் தெருக் கூட்டம், பாண்டி பஜார் நடைபாதைக் கடைகள், மெட்ரோ வேலைக்காக அடைத்த சாலை என்று எங்கள் பேட்டையில் செய்திக்கு எப்போதுமே பஞ்சமில்லை. மழை தொடங்கிவிட்டால் அதெல்லாம் பின்னுக்குப் போய்விடும். 2021 நவம்பர் 6ஆம் தேதி இரவு கொட்டிய மழை, விடிவதற்குள் நுங்கம்பாக்கத்தில் 20 சென்டிமீட்டரைத் தாண்டியது. தி.நகரின் பல தெருக்களில் நாள்கணக்கில் நீர் வடியவில்லை. 2015 வெள்ளத்துக்காவது அடையாறு கரைமீறியதைக் காரணம் சொன்னோம். இந்த முறை அப்படி எதுவும் இல்லை. பிறகு ஏன் இவ்வளவு நீரும் இங்கேயே வந்து நிற்கிறது? அதைத்தான் தேடத் தொடங்கினேன்.

1909இல் வெளியான இம்பீரியல் கெஸட்டியரின் சென்னை வரைபடம் முதலில் கிடைத்தது. மவுண்ட் ரோடு இருக்கிறது, சைதாப்பேட்டை இருக்கிறது. ஆனால் பனகல் பூங்காவும் உஸ்மான் சாலையும் இருக்க வேண்டிய பக்கத்தில் ஒரு தெருகூட இல்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே சைதாப்பேட்டைப் பக்கம்வரை வளைந்து கிடக்கிறது ஓர் ஏரி. ஆங்கிலேயர்கள் அதை ‘லாங் டேங்க்’ என்றார்கள். படகுப் போட்டி நடத்தும் அளவுக்கு அதில் நீர் இருந்திருக்கிறது.

தெருப் பெயர்களை அதன்பிறகு வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு. நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா, டேங்க் பண்ட் ரோடு. தினமும் ஆட்டோக்காரரிடம் சொல்லி இறங்குகிற இடங்கள்தான். 1976இல் திறந்த வள்ளுவர் கோட்டம்கூட நுங்கம்பாக்கம் ஏரி இருந்த நிலத்தில்தான் நிற்கிறது.

ஏரியை ஊராக்கியது 1920களில் எடுத்த ஒரு முடிவு. நகரில் குடியிருக்க இடம் போதவில்லை. 1920இல் நகரமைப்புச் சட்டம் வந்தது, அதே ஆண்டின் இறுதியில் நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது. ஏரியின் நீரை வடித்து மாம்பலம் குடியிருப்புத் திட்டத்தைத் தொடங்கினார்கள். 1925இல் மறைந்த பிட்டி தியாகராயரின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். டாக்டர் டி.எம்.நாயர், நடேச முதலியார், முகமது உஸ்மான், பனகல் அரசர் என்று அந்தக் கட்சியின் தலைவர்களெல்லாம் இங்கே சாலையாகவோ பூங்காவாகவோ இருக்கிறார்கள். சமூக நீதி பேசிய ஓர் இயக்கத்தின் வரலாற்றைத் தெருத்தெருவாக நடந்தே படித்துவிடலாம் என்பதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

வரைந்தவர்கள் தாராளமாகவே வரைந்தார்கள். நடுவில் பூங்கா, அதிலிருந்து நாலா பக்கமும் பிரியும் அகலமான சாலைகள், ஒவ்வொரு மனையிலும் வீட்டைச் சுற்றித் தோட்டம், கிணறு. பெய்த மழையில் பெரும்பகுதியை அந்தத் தோட்டங்களே குடித்திருக்க வேண்டும். இன்று அந்த இடங்களில் ஜவுளிக்கடைகளும் நகைக்கடைகளும் அடுக்குமாடிகளும் சுவரோடு சுவராக நிற்கின்றன.

மண் மட்டும் மாறவில்லை. பக்கத்துத் தெருவில் பழைய பங்களா ஒன்றை இடித்து அஸ்திவாரம் தோண்டினார்கள். ஆளுயரப் பள்ளத்துக்குள் கருஞ்சாம்பல் நிறக் களிமண், மண்வெட்டியை விட்டுப் பிரியாமல் ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே பொடிப்பொடியாக வெள்ளை நத்தை ஓடுகள். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்திருந்த தொழிலாளி ஒருவர் ஒரு கட்டியை உடைத்துக் காட்டி, “இது ஏரி வண்டல் சார், எங்க ஊர்ல வயலுக்கு அடிப்போம்” என்றார். அவ்வளவு களிமண் இருந்தால் மழைநீர் எங்கே இறங்கும்?

இறங்காத நீருக்கு இருக்கிற முக்கிய வழி மாம்பலம் கால்வாய். நுங்கம்பாக்கம் பக்கத்திலிருந்து வந்து தி.நகரைக் கடந்து, நந்தனம் வழியாக அடையாற்றில் சேர்கிறது. தெரு வடிகால்கள் அதில் கலக்கின்றன. கால்வாயில் மட்டம் ஏறிவிட்டால் வடிகால் நீர் உள்ளே நுழைய முடியாது. சில இடங்களில் திரும்பித் தெருவுக்கே வரும். ஆறும் நிறைந்திருந்தால் கால்வாயும் நின்றுவிடும். 2021 மழைக்குப் பிறகு வெள்ளத் தடுப்புக்காகத் திருப்புகழ் தலைமையில் அரசு ஒரு குழு அமைத்து, புதிய மழைநீர் வடிகால்கள் கட்டினார்கள். அடுத்த ஆண்டு நிலைமை நன்றாகவே இருந்தது. அதைச் சொல்லியாக வேண்டும்.

பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதை வளாகம் வந்தது, 2023இல் மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாலம் வந்தது, பனகல் பூங்காவுக்குக் கீழே மெட்ரோ வருகிறது. எல்லாமே எங்களுக்குத் தேவைதான். ஆனால் எந்தத் திட்டமானாலும் முதல் பக்கத்தில் கால்வாயின் ஆழமும் அகலமும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்கு அந்தப் பழைய வரைபடத்தின் நகலோடு போகிறேன். எங்கள் தெரு வடிகால் கால்வாயில் எந்த மட்டத்தில் சேர்கிறது, கடைசியாக எப்போது தூர் வாரினார்கள் என்ற இரண்டையும் எழுத்தில் கேட்கப்போகிறேன்.