தலைப்பை மாற்றச் சொன்னேன்

1916 மே 9 அன்று, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 25 வயது மாணவர் அம்பேத்கர் இந்தியச் சாதிகளின் தோற்றம் பற்றிக் கட்டுரை வாசித்தார். அவரை அங்கே அனுப்பியது பரோடா மன்னரின் உதவித்தொகை.

எம்.ஏ. சமூகவியல் படிக்கையில் அதை வாசித்தேன். ஊரையும் சேரியையும் தாண்டி நின்று, பயமின்றிக் கேள்வி கேட்க வெளிநாட்டுப் படிப்பு இடம் தரும் என்று புரிந்தது.

2022இல் எங்கள் காலனித் தம்பி ஒருவன், ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க உதவி கேட்டு வந்தான். மலக்குழி மரணங்களை ஆராய ஆசை. அந்த ஆண்டுதான், இந்தியச் சமூகம், வரலாறு, பண்பாடு பற்றிய ஆய்வுகளுக்கு அந்த உதவி கிடையாது என்று விதி வந்தது. அதன்படி அம்பேத்கரின் தலைப்பும் தள்ளுபடிதான்.

"அக்கா, தலைப்பை மாத்திடவா?"

"மாத்திக்கோ, போய்ப் படி" என்றேன். சொல்லும்போதே கூசியது.

தோழர்களே, மாற வேண்டியது அந்த விதி. விடாமல் கேட்போம்.