மணிமேகலையைக் காணோமே!

ஆண்டு மலருக்குக் கட்டுரை தா என்று சங்கச் செயலாளர் என்னைப் பிடித்தபோது, மின்மாற்றி பற்றி எழுதித் தருவதாகத்தான் சொன்னேன். “அதை லேப்பிலேயே பார்த்துக்கிடுதோம், வேற எழுதுல” என்று விட்டார். ஆகவே நண்பர்களே, இது எங்கள் வீட்டுக் கதை.

2022-ல் ‘பொன்னியின் செல்வன்’ படம் வந்ததும் எங்கள் விளாத்திகுளத்திலும் எல்லார் வாயிலும் வந்தியத்தேவன்தான். நான் நாவலின் ஐந்து பாகங்களையும் மலிவுப் பதிப்பாக வாங்கி வந்தேன். கல்கி 1950 முதல் 1954 வரை வாரா வாரம் எழுதிய கதை. நாட்டுடைமை ஆகிவிட்டதால் நம் போன்றோர் பைக்கும் எட்டும்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ராத்திரி அவளும் அக்காவும் மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளுவார்கள். நான் சத்தமாக வாசிப்பேன். தும்மலுக்கு நடுவேதான் சோழ நாடு! ஆழ்வார்க்கடியான் வந்தால் அம்மா சிரிப்பாள். நந்தினி வந்தால் கிள்ளுகிற வேகம் கூடும். ஆனால் அவளுக்கு உயிர் மணிமேகலைதான். கடம்பூர் சம்புவரையர் மகள். வந்தியத்தேவனைக் காப்பாற்றக் கொலைப் பழியையே தன் தலையில் போட்டுக்கொள்ளப் பார்த்தவள். “நம்ம மூத்தவ மாதிரில்லா இருக்கா” என்பாள் அம்மா. அக்கா தலை நிமிர மாட்டாள். அவள் பத்தாவதோடு நின்று தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவள். நான் இன்று டிப்ளமோ படிப்பது அந்தக் கூலியில்.

படித்தவர்களுக்குத் தெரியும், கடைசி அத்தியாயத்தில் மணிமேகலை என்ன ஆகிறாள் என்று. சித்தம் கலங்கி, வந்தியத்தேவன் மடியிலேயே உயிரை விடுகிறாள். அதை நான் பகலிலேயே படித்துவிட்டேன். ராத்திரி அக்காவை எதிரே வைத்துக்கொண்டு வாசிக்க எனக்கு நாக்கு எழவில்லை. நானே ஒரு முடிவு கட்டினேன்: மணிமேகலைக்குச் சித்தம் தெளிந்தது, கடம்பூர் அரண்மனைக்குத் திரும்பினாள், சுபம். “நல்ல இருக்கட்டும்” என்றாள் அம்மா.

அதோடு விட்டாளா? “அந்த நந்தினி குதிரையேறிப் போனாளே, எங்கல போனா? இளவரசி கல்யாணம் என்ன ஆச்சி?” என்று நாள்தோறும் நச்சரிப்பு. அன்றைய வாசகர்களும் இப்படித்தான் கேட்டிருக்க வேண்டும். பாத்திரங்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்று முடிவுரை எழுதிச் சமாளித்திருக்கிறார் கல்கி. 1954 டிசம்பரில் அவர் காலமாகிவிட்டார். பிறகு ‘அமுதசுரபி’ ஆசிரியர் விக்கிரமன் கதையின் நூலைப் பிடித்து ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார். நந்திபுரம் என்பது பழையாறை. நாயகி நம் குந்தவைப் பிராட்டி. உத்தம சோழர் பட்டத்துக்கு வந்தபின் நடப்பது. நூலகத்தில் அது கைக்குக் கிடைத்தபோது, எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி!

முதல் ராத்திரி பத்துப் பக்கம்கூட ஆகவில்லை. அம்மா கையை நிறுத்திவிட்டாள்.

“இது வேற ஆளுல்லா சொல்லுதான்?”

அசந்து போனேன். அட்டையைப் பார்த்த நானே அதே ஆட்கள், அதே அரண்மனை என்று நினைத்துதான் வாசித்துக்கொண்டிருந்தேன். கல்கி நம் பக்கத்தில் உட்கார்ந்து, நம்மைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசுவார். அந்தக் குரல் இதில் இல்லை. அதற்காக விக்கிரமனைக் குறை சொல்ல மாட்டேன். இன்னொருவர் வளர்த்த பிள்ளைகளை வாங்கி வளர்ப்பது லேசா? “பரவால்ல, வாசி. ஆளுக எல்லாம் நம்ம ஆளுகதான” என்று அம்மாவும் சமாதானமானாள்.

நாலைந்து நாள் ஓடியிருக்கும்.

“எலேய், மணிமேகலையக் காணோமே?”

“வருவாம்மா…”

“எப்ப? கடம்பூருக்குத்தான போனா? ஒரு பேச்சுகூட இல்லையே.”

புழுத்த பொய்! புதுப் புத்தகம் வந்து பழைய களவைக் காட்டிக் கொடுக்கும் என்று நான் கண்டேனா? விழித்தேன். அப்போதுதான் அக்கா முதன்முறையாக வாயைத் திறந்தாள்.

“அவ செத்துட்டாம்மா. இவன் அன்னைக்கு மாத்தி வாசிச்சான்.”

“உனக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

“நீ தூங்குன பெறகு அஞ்சு பாகமும் படிச்சேன். நீ வாசிக்கதுக்கு முன்னாலயே.”

அப்படியென்றால் அந்த ராத்திரி, என் கட்டுக்கதையை ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டு காம்பு கிள்ளியிருக்கிறாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அக்கா எழுந்து கையைக் கழுவினாள். மிளகாய் எரிச்சல் போகத் தேங்காய் எண்ணெய் தடவி, சேலையில் துடைத்துக்கொண்டாள். பெட்டிக்கு அடியிலிருந்து ஐந்தாம் பாகத்தை எடுத்து வந்து, பல்புக்குக் கீழே உட்கார்ந்து, கடைசி அத்தியாயத்தை ஒரு வரி விடாமல் வாசித்தாள். என்னைவிட நன்றாக வாசித்தாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து… அம்மா அழுதாள். நான் வத்தல் மேல் பழியைப் போட்டுக்கொண்டு கண்ணைக் கசக்கினேன்.

இப்போது எங்கள் வீட்டில் வாசிப்பது அக்காதான். காம்பு கிள்ளுகிறவன் நான். ‘நந்திபுரத்து நாயகி’ இன்னும் பாதியில் நிற்கிறது; ஏனென்றால் அம்மா ‘புது வெள்ள’த்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கச் சொல்லிவிட்டாள். நான் வேறு எங்கெல்லாம் மாற்றி வாசித்தேன் என்று பார்க்க வேண்டுமாம்.

இரண்டு இடம் இருக்கிறது. அக்காவுக்கும் தெரியும்.