குடி வைப்பவர்கள்: திருவல்லிக்கேணி வீட்டுத் தரகர்களின் தொழில்

சென்னையின் பழைய குடியிருப்புப் பகுதிகளில் வீட்டுத் தரகு எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அறியத் திருவல்லிக்கேணி பொருத்தமான களமாகும். பார்த்தசாரதி கோயிலைச் சுற்றிய மாட வீதிகள், 1795-இல் கட்டப்பட்ட வாலாஜா பள்ளிவாசலை ஒட்டிய தெருக்கள், திருமணமாகாத ஆண்கள் அறை எடுத்துத் தங்கும் மேன்ஷன்கள், ஜாம்பஜாரையும் ஐஸ் ஹவுஸையும் சூழ்ந்த நெருக்கமான குடித்தனங்கள் ஆகிய யாவும் நடந்தே கடக்கக்கூடிய தொலைவில் இருப்பதால், ஒரே பகல்பொழுதில் ஒரு தரகர் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல வீட்டு வாசல்களில் நின்று பேச நேர்கிறது. அலுவலகம் என்று தனியே ஒன்று இல்லாத தரகர்கள் இங்குப் பலர். ஓர் இருசக்கர வண்டியும், இரண்டு சிம் போட்ட கைபேசியும், வீடுகளின் விவரம் கிறுக்கப்பட்ட நோட்டும், மாலையில் கூடுவதற்கு ஒரு டீக்கடையும் இருந்தால் தொழில் நடக்கிறது. ஜெராக்ஸ் கடையில் மேசை போட்டு, மின்கட்டணம் கட்டித் தருவதோடு சேர்த்துத் தரகும் பார்ப்பவர்களும் உண்டு.

தரகரின் முதலீடு செய்திதான். எந்த வீடு காலியாகப் போகிறது என்பது வாசலில் 'டு லெட்' பலகை தொங்குவதற்கு முன்பே தெரிந்தாக வேண்டும் என்பதால், இஸ்திரி வண்டிக்காரர், பால் போடுபவர், அடுக்ககக் காவலாளி, தண்ணீர் கேன் கொண்டுவருபவர் ஆகியோரோடு அவர் இடைவிடாத பழக்கம் வைத்திருக்கிறார். அவர்கள் சொன்ன வீடு முடிந்தால் அவர்களுக்கும் ஒரு சிறு தொகை போய்ச் சேர்கிறது. வீடு தேடி வருபவரை இத்தொழிலில் 'பார்ட்டி' என்கிறார்கள். வீடு ஒரு தரகரிடமும் பார்ட்டி வேறொரு தரகரிடமும் இருக்கும்போது இருவரும் சேர்ந்து முடித்துக் கமிஷனைப் பாதியாகப் பிரித்துக்கொள்வது 'ஷேர்' எனப்படுகிறது. முன்பு டீக்கடையில் வாய்மொழியாக நடந்த இந்தப் பரிமாற்றம் இப்போது வாட்ஸ்அப் குழுக்களுக்கு மாறியிருக்கிறது. அதே கைபேசி தொழிலுக்குப் பகையாகவும் வந்துவிட்டது. உரிமையாளரும் குடியேற விரும்புபவரும் நேரே பேசிக்கொள்ள வழிசெய்யும் செயலிகள் பரவிய பிறகு, வீட்டைக் காட்டியவரை ஒதுக்கிவிட்டு இரு தரப்பும் தனியே முடித்துக்கொள்வார்களோ என்ற அச்சம் கூடியிருப்பதால், தெருவின் பெயரைச் சொல்லும் தரகர் கதவு எண்ணைச் சொல்வதில்லை; படம் அனுப்பும்போதும் வாசல் தெரியாதபடி பார்த்துக்கொள்கிறார்.

வாடகை வீட்டுக்கான தரகு பொதுவாக ஒரு மாத வாடகையாகும். குடியேறுபவர் அதைத் தந்தாக வேண்டும். உரிமையாளர் தருவது அவர் மனத்தைப் பொறுத்தது. வீடு பிடித்துவிட்டது என்பதற்கு உறுதியாக முதலில் கைமாறும் சிறு தொகை 'டோக்கன் அட்வான்ஸ்' எனப்படுகிறது; பார்ட்டி பின்வாங்கினால் அது திரும்புமா என்பதை எழுதி வைக்கும் பழக்கம் இல்லாமையால், இத்தொழிலின் சச்சரவுகள் பலவும் இங்கேதான் தொடங்குகின்றன. மாத வாடகைக்குப் பதிலாக ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டுக் குடியிருந்து, வெளியேறும்போது அதனை வட்டியின்றித் திரும்பப் பெறும் 'போக்கிய' முறையும் உண்டு. அதில் உரிமையாளரின் கடன்நிலையைத் தரகர் அறிந்திருப்பது இன்றியமையாதது, ஏனெனில் வங்கியில் அடமானம் உள்ள வீட்டைப் போக்கியத்துக்குப் பிடித்துக் கொடுத்துவிட்டால் பழி அவர் தலையில்தான் விழும்.

வீடு பார்க்க வருபவர் அறைகளை அளப்பதற்கு முன் தண்ணீரைப் பற்றிக் கேட்பது சென்னைக்கே உரிய வழக்கம். கடலுக்கு அருகிலுள்ள இப்பகுதியில் ஆழ்குழாய் நீரின் உப்புத்தன்மை தெருவுக்குத் தெரு வேறுபடுவதாலும், 2019-ஆம் ஆண்டின் கோடைத் தட்டுப்பாடு இன்னும் நினைவில் இருப்பதாலும், 'மெட்ரோ தண்ணீர் எத்தனை மணிக்கு வரும்' என்பதற்கு விடை தெரியாத தரகரை எவரும் மதிப்பதில்லை. அடுத்தது மின்சாரம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரு மாதங்களுக்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. ஆனால் ஒரே வீட்டைப் பல போர்ஷன்களாகப் பிரித்து உள்மீட்டர் வைத்து உரிமையாளரே யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும்போது அச்சலுகை குடியிருப்பவரைச் சென்றடைவதில்லை. ஆகவே 'தனி மீட்டர்' என்ற இரு சொற்கள் வாடகையை உயர்த்தப் போதுமானவை.

இவையெல்லாம் வெளிப்படையாகப் பேசப்படுபவை. தரகரின் உழைப்பில் கனமான பகுதியோ வெளிப்படையாகப் பேசப்படாதது. ஒரு வீட்டுக்கு யாரைக் கூட்டிச் செல்லலாம், யாரைக் கூட்டிச் செல்லக் கூடாது என்ற அறிவு அவருடைய நோட்டில் எழுதப்படுவதில்லை. எழுதினாலும் 'ஃபேமிலி மட்டும்', 'வெஜ் மட்டும்' போன்ற சுருக்கக் குறிப்புகளாகவே இருக்கும். சைவம் என்பது பல வாசல்களில் உணவைப் பற்றிய நிபந்தனையாக மட்டும் நின்றுவிடுவதில்லை, சாதியைக் கேட்காமல் கேட்கும் வழியாகவும் அது பயன்படுகிறது என்பது தரகர்களுக்கு நன்றாகத் தெரியும். தொலைபேசியில் பெயரைக் கேட்டதும் மதம் தெரிந்துவிடுகிறது. சொந்த ஊர், அப்பாவின் வேலை, முன்பு குடியிருந்த தெரு என்று இயல்பான விசாரிப்புபோல் நீளும் கேள்விகளில் மற்றவையும் தெரிந்துவிடுகின்றன. பொருந்தாது என்று முடிவானால் 'அந்த வீடு முடிஞ்சிடுச்சு சார்' என்ற ஒரே வாக்கியம் எல்லாவற்றுக்கும் விடையாகிறது. கோயில் பக்கம் வீடு கேட்ட முஸ்லிம் குடும்பத்தைப் பள்ளிவாசல் பக்கம் திருப்புவதும், கணவனைப் பிரிந்து வாழும் பெண்ணுக்கு 'கூட அம்மா இருக்காங்க' என்று உரிமையாளரிடம் சொல்லி வீடு பிடித்துக் கொடுப்பதும் ஒரே மனிதர் ஒரே வாரத்தில் செய்யக்கூடியவை. முன்னதைக் கொடுமை என்றும் பின்னதை உதவி என்றும் வெளியார் பிரித்துப் பார்க்கலாம். தரகருக்கு இரண்டும் வீடு முடிப்பதன் படிகள்.

மேன்ஷன்களில் தரகருக்கு வருவாய் இல்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அவற்றுக்கு மேலாளர்கள் உண்டு, அறை கேட்டு வருபவர் நேரே அவர்களிடம் போகிறார். எனினும் மேன்ஷன் வாசிக்குத் திருமணம் நிச்சயமானதும், அதுவரை எந்த வீட்டு வாசலிலும் ஏற்கப்படாத 'பேச்சிலர்' ஒரே நாளில் 'ஃபேமிலி' ஆகிவிடுவதால், அவர் தேடி வருவது தரகரைத்தான்.

விற்பனைத் தரகு வேறு வகையானது. விலையில் ஒரு விழுக்காடு முதல் இரண்டு விழுக்காடு வரை கிடைக்கும் என்பதால் ஒரு விற்பனை முடிந்தால் பல மாத வாடகைத் தரகுக்கு ஈடாகிறது, ஆனால் முடிவது அரிது. இப்பகுதியின் பழைய வீடுகள் பாட்டன் பெயரிலேயே நின்றுவிட்டவை. வாரிசுகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் சிதறியிருப்பார்கள். மகள்களுக்கும் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கு அளித்த 1989-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம், அதனை நாடு முழுவதற்கும் விரித்த 2005-ஆம் ஆண்டின் திருத்தம் ஆகியவற்றுக்குப் பின், சகோதரிகள் கையெழுத்திடாத பத்திரத்தை வாங்குபவர் தொட அஞ்சுவதால், மனக்கசப்பில் இருக்கும் உடன்பிறந்தாரிடையே தூது போகும் வேலையும் தரகருடையதாகிறது. சொத்து எவரெவர் கைமாறி வந்தது என்பதைக் காட்டும் தாய்ப்பத்திரம், அதன்மீது அடமானமோ விற்பனையோ பதிவாகியுள்ளதா என்று தெரிவிக்கும் வில்லங்கச் சான்று, நில உரிமையைக் காட்டும் பட்டா ஆகிய மூன்றும் பொருந்திவந்த பிறகும் அடிமனைச் சிக்கல் ஒன்று எஞ்சலாம். கட்டடம் ஒருவருக்கும் அது நிற்கும் மனை கோயிலுக்கோ வக்புக்கோ உரியதாகவும் இருப்பதே அடிமனைச் சிக்கல். அத்தகைய நிலத்துக்கான பத்திரத்தைப் பதிவு செய்ய சார்பதிவாளர் மறுக்கலாம் என்பதால், எந்தத் தெருவின் எந்தப் பக்கம் அடிமனை என்பதை அறிந்திருப்பது அனுபவமுள்ள தரகரின் தனிச்சொத்து.

தொழிலுக்குப் பருவமும் உண்டு. பள்ளி திறப்பதற்கு முந்தைய மே மாதம் ஓயாத அலைச்சல். ஆடியிலும் மார்கழியிலும் புதுவீட்டில் பால் காய்ச்ச எவரும் துணிவதில்லை. அந்த மாதங்களில் பட்டா பெயர் மாற்றம், சொத்துவரிப் பெயர் மாற்றம் போன்ற அலுவல்களுக்கு அலைந்து கைச்செலவைச் சமாளிக்கிறார்கள்.

சட்டம் இத்தொழிலை ஓரளவே எட்டியிருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் முகவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் அதற்கென ஒழுங்குமுறைக் குழுமமும் உள்ளது. ஆனால் அச்சட்டத்தின் நாட்டம் புதிதாகக் கட்டி விற்கப்படும் திட்டங்கள்மீதே இருப்பதால், மாட வீதியில் ஒரு போர்ஷனை வாடகைக்குப் பிடித்துக் கொடுப்பவர் அதன் எல்லைக்குள் வருவதில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் வாடகை அதிகார அமைப்பிடம் பதிவையும் கட்டாயமாக்கி, வேறு உடன்பாடு இல்லாவிடில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது என்றது. பத்து மாத முன்பணமும் பதினொரு மாத ஒப்பந்தமும் பழகிப்போன நகரம் அதற்குப் பின்னும் பழைய வழியை முற்றாக விட்டுவிடவில்லை.

யாருக்கு வீடு மறுக்கப்படுகிறது என்பதைப் பற்றி இச்சட்டங்கள் பேசவில்லை. அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு கடைகளிலும் உணவகங்களிலும் கிணறுகளிலும் பாகுபாட்டைத் தடுக்கிறது. தனியார் வாடகை வீடு அப்பட்டியலில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்கம் தன் மனைகளைப் பார்சிகளுக்கு மட்டுமே தரலாம் என்று வைத்திருந்த விதியை உச்ச நீதிமன்றம் 2005-இல் செல்லும் என்றே தீர்த்தது. வீடு மறுக்கும் உரிமையாளர் முகம் காட்டாமல் இருந்துகொள்ள, அந்த மறுப்பைத் தன் வாயால் சொல்பவராகத் தரகர் நிற்கிறார். அவருக்கு உரிமம் வழங்கி ஒழுங்குபடுத்துவது பற்றி எவ்வளவு பேசினாலும், மறுப்பவரைக் கேள்வி கேட்கும் சட்டம் ஒன்று வராதவரை திருவல்லிக்கேணியின் தெருக்களில் எதுவும் மாறப்போவதில்லை.