முன்பணம்

கல்லூரிக்குப் போவதற்கு முந்தைய கோடையில் உழைத்துப் பணம் சேர்த்த கதையை வைத்திருக்காதவர் எங்கள் தலைமுறையில் குறைவு. நாங்களும் அப்படியொரு கதை வைத்திருக்கிறோம். பிள்ளைகளிடமும் அலுவலக நண்பர்களிடமும் அதைப் பலமுறை சொல்லியிருக்கிறோம். சொல்லிச் சொல்லி அது மழமழப்பாகிவிட்டது. கரி படிந்த கைகள், ஒரு தகரடப்பா, அதிலிருந்து எடுத்துக் கட்டிய முதல் கட்டணம், இறுதியில் உழைப்பின் பெருமை. ஆனால் ஒரு பகுதியை மட்டும் விட்டுவிட்டே இத்தனை காலமும் சொல்லி வந்திருக்கிறோம். விட்டதை எழுதிவைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். சம்பாதித்தபோது நாங்கள் மூவர். இதை எழுதும் நாங்கள் இருவர்.

எங்கள் ஊர் சாயல்குடி. இராமநாதபுரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் கிழக்குக் கடற்கரைச் சாலை எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. தெற்கே மாரியூரும் மூக்கையூரும் கடலோரத்தில். கிழக்கே வாலிநோக்கத்தில் அரசு உப்பு நிறுவனத்தின் உப்பளம். வானம் பார்த்த பூமி என்பது இங்கே வருணனை அன்று, நிலவரம். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விதைப்பார்கள். மிளகாய்ப் பழம் பறித்து முடிந்தால் வயலில் வேலை முடிந்தது. அதன்பின் ஊருக்குச் சோறு போடுபவை பனை, கரி, உப்பு என்னும் மூன்றுதாம். மூன்றுக்கும் வெயில் வேண்டும். மற்ற மாவட்டங்களில் வேலை ஓயும் காலத்தில்தான் எங்கள் பக்கம் வேலை சூடுபிடிக்கும்.

1998 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்தோம். முடிவு மே மாதம் வரும். கல்லூரி ஜூன் கடைசியில் திறக்கும். இடைப்பட்ட மூன்று மாதங்களும் பனையின் பதநீர்ப் பருவத்துக்குள் அப்படியே அடங்கிவிடும். இராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரியில் சேர்வது என்று மூவரும் முடிவு செய்திருந்தோம். சிக்கல் வழியாகப் போகும் பேருந்தில் தினமும் போய்வந்து படிக்க இயலாது. அங்கேயே தங்கியாக வேண்டும். கட்டணம், தங்குமிடத்து முன்பணம், இரண்டு உருப்படி துணி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 1,200 ரூபாய் என்று ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டோம். மூவர் சம்பாத்தியமும் ஒரே டப்பாவில் சேரவேண்டும், கடைசியில் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளவேண்டும் என்பது ஒப்பந்தம். குறைவதை அவரவர் வீட்டில் கேட்டுக்கொள்வது.

முதல் வேலை கரிமூட்டத்தில் கிடைத்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து எங்கள் கண்மாய்களையும் தரிசுகளையும் நிறைத்துவிட்ட சீமைக்கருவேல மரத்தை எல்லோரும் திட்டுவார்கள். அதை வெட்டித்தான் பாதிப்பேர் அடுப்பெரிப்பார்கள். வெட்டிய விறகை நெருக்கமாக அடுக்கி, தழை போர்த்தி, மேலே ஈரமண் பூசி, உள்ளே தீ வைப்பது மூட்டம். அது பல நாள் எரியாமல் வேகவேண்டும். பூச்சில் எங்காவது விரிசல் கண்டு காற்று புகுந்தால் தீ பற்றிக்கொள்ளும். விடிவதற்குள் கரி சாம்பலாகிவிடும். ஆகவே இரவெல்லாம் சுற்றிவந்து, புகை மிகுதியாக வரும் இடத்தில் மண் அப்பவேண்டும். இரவுக்கு ஆளுக்கு 20 ரூபாய். மூட்டம் பிரித்த நாட்களில் மூட்டை கட்டி லாரியில் ஏற்றினால் தனிக்கூலி. எச்சில் துப்பினாலும் கறுப்பாக வரும்.

எங்களில் ஒருவனின் தகப்பனார் பனையேறி. மூட்டத்திலிருந்து விடியற்காலையில் நேரே அவர்கள் விடிலிக்குப் போவோம். விடிலி என்பது தோப்புக்குள் பதநீர் காய்ச்சுவதற்காகப் போட்ட ஓலைக் குடிசை. அவனுடைய தாயார் அடுப்பின் முன் இருப்பார். சுண்ணாம்பு தடவிய கலயங்களிலிருந்து இறக்கிய பதநீரை வடிகட்டிக் கொப்பரையில் ஊற்றி மணிக்கணக்கில் காய்ச்சுவார். பொங்கி வழிய வரும்போது ஆமணக்கு விதையை நசுக்கிப் போட்டால் அடங்கும். பாகு முற்றியதைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். பிறகு சிரட்டைகளில் ஊற்றினால் ஆறிக் கருப்பட்டியாகும். பத்து லிட்டர் பதநீருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேலே கிடைத்தால் நல்ல பதநீர். எங்கள் வேலை விறகும் சருகும் கொண்டுவந்து போடுவது. அதற்குக் கூலி இல்லை. ஆளுக்கொரு பட்டை பதநீர்தான். கேட்கவும் எங்களுக்குத் தோன்றவில்லை.

கருப்பட்டியைப் பத்துக் கிலோ சிப்பமாக ஓலைப் பெட்டியில் கட்டுவார்கள். வாரத்துக்கொருமுறை வியாபாரியின் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். பணம் கைமாறி நாங்கள் பார்த்ததில்லை. ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். அதன் பொருள் பின்னால்தான் புரிந்தது. பருவம் தொடங்குமுன்பே வியாபாரி முன்பணம் கொடுத்திருப்பார். மரத்துக் குத்தகை, கலயம், வீட்டுச் செலவு எல்லாம் அதிலிருந்துதான். வாங்கியவர் கருப்பட்டியை அவருக்கே போடவேண்டும், அவர் சொல்லும் விலைக்கு. பருவம் முடியும்போது கணக்குத் தீர்ந்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் மிச்சக்கடன் அடுத்த ஆண்டுக்கு நகரும்.

பின்னாட்களில் ஜே.சி. குமரப்பாவைப் படித்தபோது இந்த நோட்டு நினைவுக்கு வந்தது. தரிசில் தானே நிற்கும் பனை இனிப்பைத் தருமானால், கரும்பு தின்னும் நல்ல நிலத்தைத் தானியத்துக்கு விடலாம் என்று வாதிட்டவர் அவர். பனைவெல்லத்தைக் கிராமத்தின் தற்சார்புக்கு ஓர் எடுத்துக்காட்டாகவே கண்டார். மரத்தைப் பற்றி அவர் சொன்னது முழுவதும் சரி என்றே இன்றும் எண்ணுகிறோம். ஆனால் நாங்கள் கண்ட விடிலியில் மரம் குத்தகைக்காரருடையது, இனிப்பு முன்கூட்டியே விற்கப்பட்டது. ஏறுகிறவனுக்குச் சொந்தமாக இருந்தவை நெஞ்சில் காய்த்த தழும்பும் முன்பணக் கடனும் மட்டுமே.

மே மாதத்தில் தேர்வு முடிவு வந்தது. மூவரும் தேறினோம். எங்களில் அதிக மதிப்பெண் பனையேறி வீட்டுப் பிள்ளைக்குத்தான். அடுத்த வாரமே அவனுடைய தகப்பனார் பாதி மரத்திலிருந்து சறுக்கி விழுந்தார். உயிருக்கு ஒன்றுமில்லை, முழங்கால் போயிற்று. ஒரு சம்பளக்காரர் விழுந்தால் வீடு படுக்கும். பனையேறி விழுந்தால் மரங்களும் சேர்ந்து படுக்கும். பாளையை நாள் தவறாமல் சீவவேண்டும். சில நாட்கள் விட்டாலும் காய்ந்துபோகும். அந்த ஆண்டு அந்தப் பாளை சுரக்காது. முன்பணமோ அப்படியே நிற்கும். மூன்றாம் நாள் காலையில் அவன் தகப்பனாரின் தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டான். சிறுவயதிலிருந்தே ஏறத் தெரிந்தவன்தான். ஆனாலும் காலையும் மாலையும் முப்பது மரம் ஏறி இறங்குவது வேறு. மூட்டத்துக்கு அதன்பின் நாங்கள் இருவர் மட்டும் போனோம். ஒப்பந்தம் மாறவில்லை, பங்கு மூன்றுதான் என்று நாங்களே சொன்னோம். அதில் அப்போது எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஜூன் நடுவில் டப்பாவைத் திறந்து எண்ணினோம். 2,460 ரூபாய். மூன்றால் வகுத்தால் ஆளுக்கு 820.

அவன் தன் பங்கை எடுத்துக்கொள்ளவில்லை. அவன் சொன்னதை அப்படியே தருகிறோம்: "மாப்ள, இதை வீட்டுக்குக் கொண்டுபோனா யாவாரி கணக்குல போயிரும். அப்பா கையில குடுக்காம இருக்கவும் முடியாது. உங்ககிட்ட கெடக்கட்டும். அடுத்த வருசம் நானும் வாரேன்ல, அப்ப வாங்கிக்கிறேன்."

கவனித்துப் பார்த்தால் அவன் கொடுத்தது கடன் அன்று, நன்கொடையும் அன்று. அவன் சேமித்தான். தன் வீட்டில் பணம் தங்காது என்று தெரிந்தவன், எங்கள் வீடுகளில் தங்கும் என்று நம்பினான். வங்கிப் புத்தகம் இல்லாத பதினேழு வயதுக்காரனுக்கு நாங்கள்தாம் வங்கி.

2,460-ஐ இரண்டால் வகுத்தால் 1,230. எங்களுக்கு வேண்டியது 1,200. இந்த வகுத்தலை யார் முதலில் செய்தது என்று எங்களுக்குள் இன்றுவரை பேசிக்கொண்டதில்லை. வீட்டில் கேட்டிருந்தால் குறைந்த தொகை கிடைத்திருக்கும். ஒருவர் வீட்டில் தையற்கடை. இன்னொருவர் வீட்டில் இரண்டு ஆடுகள் விற்க நின்றன. கேட்கவில்லை. 'சொந்தக் காலில் நிற்கிறோம்' என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருந்தது. அந்தச் சொல்லின் விலையை வேறொருவன் தந்தான். அடுத்த ஆண்டுக்குள் சேர்த்துவைத்துவிடலாம் என்று எண்ணியதும் உண்மை. ஆனால் கல்லூரிக்குப் போனபின் ஒரு ரூபாய்கூட அதற்கென்று ஒதுக்கவில்லை என்பதும் உண்மை.

1999 மே மாதம் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தோம். மாலை ஏற்றம் முடிந்து அவன் எங்களைத் தேடி வந்தான். விண்ணப்பம் வாங்கவேண்டும் என்றான். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "அந்தக் காசு இருக்கா மாப்ள?" என்றான்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பார்வையிலேயே அவனுக்கு விடை கிடைத்துவிட்டது. "சரி, ஒண்ணுமில்ல, மெதுவா பாத்துக்கலாம்" என்றான். எங்களைச் சங்கடத்திலிருந்து மீட்கும் வேலையையும் அவனே செய்தான்.

820 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தோம். ஐந்து தவணையில், இரண்டு ஆண்டுகளில். கடைசித் தவணையைக் கொடுத்தபோது அவனுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கணக்குத் தீர்ந்தது. தீர்ந்த கணக்குக்கும் தீராதவற்றுக்கும் இடையிலுள்ள தொலைவை அளக்க எங்களிடம் கருவி இல்லை. அந்த ஆண்டு 820 ரூபாய் இருந்திருந்தால் அவன் நிச்சயம் படித்திருப்பான் என்றும் சொல்லமாட்டோம். தகப்பனாரின் கால் இருந்தது, வியாபாரியின் நோட்டு இருந்தது. ஆனால் அந்தக் கேள்வியை அவன் எங்களிடம் கேட்டதும், எங்களிடம் விடை இல்லாததும் நடந்தவை.

இளைஞர்களுக்குச் சேமிப்பின் அருமையைச் சொல்லும் கூட்டங்களில் எங்களையும் பேச அழைத்திருக்கிறார்கள். உழைப்பிலிருந்து செலவைக் கழித்தால் சேமிப்பு என்று சொல்வது எளிது. அவன் எங்களைவிடக் கூடுதலாக உழைத்தான், எங்களைவிடக் குறைவாகச் செலவழித்தான். அவனுக்கு முன்பே அவன் வீட்டில் ஒரு கடன் உட்கார்ந்திருந்தது. எங்கள் வீடுகளில் இல்லை. வேறுபாடு அவ்வளவுதான். கல்லூரித் தங்குமிடத்துக்கு நாங்கள் கட்டியதற்கும் முன்பணம் என்றே பெயர். நாங்கள் கட்டிய முன்பணம் எங்களை வெளியே கொண்டுபோயிற்று. அவர்கள் வாங்கிய முன்பணம் அவனை மரத்தோடு சேர்த்துக் கட்டியது.

2021-இல் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட வேண்டுமானால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். மகிழ்ச்சியோடு அவனைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னோம். "மரம் நிக்கும் மாப்ள, ஏற ஆளு?" என்றான். அவன் தோப்புப் பக்கத்தில் பாளை சீவுகிறவர்களை இப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அவன் இன்னும் ஏறுகிறான். ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் எங்கள் இருவர் வீட்டுக்கும் ஆளுக்கொரு சிப்பம் பேருந்தில் வந்துவிடும். விலை கேட்டால் பேச்சை மாற்றுவான். சென்ற ஆண்டு அவனுடைய இளைய மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். கல்லூரிச் செலவை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம் என்று நேரில் போய்ச் சொன்னோம். பல ஆண்டுகளாக மனத்துக்குள் ஒத்திகை பார்த்திருந்த வாக்கியம் அது.

"கட்டியாச்சு மாப்ள" என்றான். யாவாரியிடம் முன்பணம் வாங்குவதை நிறுத்தி எட்டு வருடமாகிறதாம். கருப்பட்டியை அவனும் மனைவியுமாக நேரடியாகவே விற்கிறார்களாம். மகளைக் கோடையில் ஏதாவது வேலைக்கு அனுப்பினாயா என்று கேட்டோம்.

"விடிலிப் பக்கமே விடல. மூணு மாசம் நல்லாத் தூங்கட்டும்னு சொல்லிட்டேன்" என்றான்.